வழுக்குவது சக்கரமா, திணறுவது மோட்டாரா?

மார்ச் 3, செவ்வாய் இரவு

சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணே, எங்கள் வெக்ஸ் ரோபோ 6 கிலோ. நாலு மோட்டார், நாலிலும் நீலக் கார்ட்ரிட்ஜ், 36-க்கு 60 கியர், 3.25 அங்குல ஓம்னி சக்கரம். எதிரணி ரோபோவை முட்டித் தள்ளும்போது வழுக்குது, இடது பக்கமாத் திரும்பிக்குது. ஓம்னியைக் கழற்றிட்டு நாலிலும் ரப்பர் சக்கரம் போட்டால் சரியாயிடும்னு குழுவில் எல்லாரும் சொல்றாங்க. போடலாமா?"

(புதிதாகப் படிப்பவர்களுக்கு: வெக்ஸ் என்பது மாணவர் போட்டிகளுக்கான ரோபோத் தொகுப்பு. கார்ட்ரிட்ஜ் என்பது மோட்டாருக்குள் செருகும் பல்சக்கரப் பெட்டி, அதன் நிறம் வேகத்தைச் சொல்லும். 36-க்கு 60 என்றால் மோட்டார் பக்கக் கியரில் 36 பல், சக்கரத்தின் பக்கம் 60. ஓம்னி என்பது விளிம்பில் சிறு உருளைகள் உள்ள, பக்கவாட்டிலும் நகரும் சக்கரம்.)

இப்போதைக்குப் போடவேண்டாம் தம்பி. வழுக்குகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ரோபோ முன்னால் போகவில்லை என்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்திருக்கும். முன்னால் போகாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்து தரையைப் பிடிக்காமல் போவது ஒன்று. தரையை நன்றாகப் பிடித்துக்கொண்டு மோட்டார் சுற்ற முடியாமல் நின்றுவிடுவது இன்னொன்று. முதலாவதற்கு ரப்பர் சக்கரம் உதவலாம், இரண்டாவதற்கு அது கெடுதல்தான் செய்யும்.

நாளைக்குப் பயிற்சியில் ஒவ்வொரு சக்கரத்தின் விளிம்பிலும் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டுங்கள். ரோபோவைச் சுவரில் முட்டவிட்டு முழு வேகம் கொடுத்து, கைப்பேசியில் மெதுவோட்டமாகப் படம் எடுங்கள், இரண்டு பக்கமும் தெரியும்படி. இரண்டு மூன்று வினாடிக்குமேல் அழுத்திப் பிடிக்கவேண்டாம், மோட்டார் சூடாகிவிடும்.

மார்ச் 4, புதன் காலை

ரயிலில் வரும்போது தம்பி கொடுத்த எண்களை வைத்துக் கணக்குப் போட்டேன். நல்லவேளை, எடை, கியர், சக்கர அளவு எல்லாவற்றையும் கேள்வியிலேயே எழுதியிருந்தார்.

வெக்ஸின் வி5 மோட்டாரில் சிவப்புக் கார்ட்ரிட்ஜுக்கு அதிகபட்ச முறுக்குவிசை, அதாவது சுழற்றும் வலு, 2.1 நியூட்டன் மீட்டர். அது 100 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 100 சுற்று. நீலம் 600 ஆர்பிஎம், வேகம் ஆறு மடங்கு, ஆகவே முறுக்குவிசை ஆறில் ஒன்று, 0.35. நாலு மோட்டாருக்கு 1.4. கியர் 36-க்கு 60 என்பதால் அதை 60/36 ஆல் பெருக்கினால் சக்கரத்துக்கு வருவது சுமார் 2.33. சக்கரத்தின் ஆரம் 41.3 மி.மீ. வகுத்துப் பார்த்தால் ரோபோ தரையைத் தள்ளக்கூடிய விசை ஏறத்தாழ 56 நியூட்டன், பக்கத்துக்கு 28. கியரிலும் பேரிங்கிலும் போகும் இழப்பை இன்னும் கழிக்கவில்லை.

இப்போது தரையின் பக்கம். 6 கிலோ ரோபோவின் எடை சுமார் 59 நியூட்டன். எல்லாச் சக்கரமும் மோட்டாரோடு இணைந்திருப்பதால் மொத்த எடையும் பிடிப்புக்கு உதவுகிறது. உராய்வுக் குணகத்தை, அதாவது எடையில் எத்தனை பங்கு விசையைத் தரை தாங்கும் என்ற எண்ணை, 1 என்று வைத்தால் தரை தாங்கும் அதிகபட்சம் அதே 59.

56-உம் 59-உம். இரண்டும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. இந்த நிலையில் சக்கரம் வழுக்குமா, மோட்டார் திணறுமா, எது முதலில் நடக்கும் என்பதைச் சின்ன விஷயங்கள் தீர்மானிக்கும். அதனால்தான் குழுவில் எல்லாரும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். அளந்தால் ஒழிய யார் சொல்வது சரி என்று தெரியாது.

மார்ச் 4, இரவு

குணகம் 1 என்று வைத்தது வசதிக்காக. அதை அளக்கவேண்டும், அதற்குப் பெரிய கருவி ஒன்றும் தேவையில்லை. ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு முஸ்தஃபா கடையில் கிடைக்கும், பலர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும். அது போதும்.

முதலில் சக்கரங்கள் சுற்றாதபடி பூட்டுங்கள். மோட்டாரின் பிரேக்கை நம்பவேண்டாம், இழுக்கும்போது அது கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். கியர் பற்களுக்கு நடுவே கேபிள் டை போட்டு இறுக்குவது நல்லது. போட்டிக் களத்தில் விரிக்கும் அதே சாம்பல்நிற ஃபோம் டைல்மேல் ரோபோவை வையுங்கள். சட்டத்தின் அடிப்பகுதியில், தரைக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அங்கே கயிற்றைக் கட்டி, தராசைக் கொக்கியில் மாட்டி, தரைக்கு இணையாக மெதுவாக இழுங்கள். உயரத்தில் கட்டினால் ரோபோ முன்பக்கம் அழுந்தி பின்சக்கரம் லேசாகிவிடும், அளவு கெட்டுப்போகும்.

தராசின் திரையை இன்னொருவர் படம் எடுக்கட்டும். இந்தத் தராசுகள் எண் நிலைத்து நின்ற பிறகுதான் அதைப் பிடித்துவைக்கும், நமக்கு வேண்டியது வழுக்கத் தொடங்கும் கணத்துக்கு முந்தைய உச்சம். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் எண் ஏறுவதும், சட்டென்று ரோபோ நகர்வதும், எண் விழுவதும் தெரியும். உச்சத்தை ரோபோவின் எடையால் வகுத்தால் நிலை உராய்வுக் குணகம். தராசும் கிலோ, ரோபோவும் கிலோ, வேறு மாற்றமே வேண்டாம். நகர ஆரம்பித்த பிறகு எண் குறைவாக நிற்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை வழுக்க ஆரம்பித்த சக்கரம் இருந்த பிடிப்பையும் இழக்கிறது என்பதை அந்த இரண்டாவது எண் சொல்லும்.

பலகையைச் சாய்த்துப் பார்க்கும் முறையும் உண்டு. டைலைப் பலகையில் ஒட்டி, பூட்டிய ரோபோவை அதன்மேல் வைத்து, ஒரு முனையைத் தூக்கிக்கொண்டே போகவேண்டும். வழுக்கும் கோணத்தின் டேன்ஜென்ட்தான் குணகம். 35 பாகையில் வழுக்கினால் 0.7, 45 பாகையில் 1. ஆனால் கையும் லிஃப்டும் வைத்த உயரமான ரோபோ வழுக்குவதற்கு முன்னால் கவிழ்ந்துவிடும். ஆகவே இழுத்துப் பார்ப்பதையே நான் விரும்புவேன்.

பள்ளி நடைபாதையின் சிமெண்டுத் தரையில் அளந்துவிட்டு வராதீர்கள். அது வேறு தரை, அது தரும் எண்ணும் வேறு.

மார்ச் 5, வியாழன்

தொடக்கநிலை ஐந்து படிக்கும் மகளின் லெகோ ரோபோவைப் பற்றி ஒரு அக்கா கேட்டிருக்கிறார். வீட்டில் ஒழுங்காக ஓடியது, பள்ளிப் பயிற்சியில் அதே நிரலுக்கு ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் போய் நிற்கிறதாம்.

அக்கா, லெகோ போட்டிகளின் அச்சிட்ட விரிப்பு வழவழப்பானது. மோட்டாருக்குள் இருக்கும் என்கோடர் சக்கரம் எவ்வளவு சுற்றியது என்று மட்டும்தான் எண்ணும், ரோபோ எவ்வளவு தூரம் போனது என்பது அதற்குத் தெரியாது. கிளம்பும்போது ஒரே அடியாக முழு வேகம் கொடுத்தால் முதல் சுற்றில் கொஞ்சம் வழுக்கும், அந்த வழுக்கல் ஒவ்வொரு முறையும் ஒரே அளவாக இருக்காது. வேகத்தைப் படிப்படியாக ஏற்றி, நிற்கும்போதும் படிப்படியாக இறக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் டயரை ஈரத்துணியால் துடைத்துக் காயவிடவேண்டும். ரப்பரில் படியும் தூசி அவ்வளவு வேலை செய்கிறது. நேராகப் போவதற்கு ஹப்பில் (லெகோ ரோபோவின் கட்டுப்பாட்டுப் பெட்டி) உள்ள ஜைரோவை, அதாவது திரும்புவதை உணரும் கருவியைப் பயன்படுத்தட்டும். முடிந்தால் சுவரில் மெல்ல மோதி நிமிர்ந்துகொள்வது எல்லாவற்றையும்விட நம்பகமானது.

உலக ரோபோ ஒலிம்பியாடின் முதல் இறுதிச்சுற்று 2004-இல் நம் சிங்கப்பூரில்தான் நடந்தது. உங்கள் மகள் இறங்கியிருப்பது நல்ல மரபுள்ள களம், உற்சாகமாகச் செய்யச் சொல்லுங்கள்.

மார்ச் 7, சனி மாலை

தம்பி படம் அனுப்பிவிட்டார், அருமையான படம். வெள்ளை டேப் தெளிவாகத் தெரிகிறது. சுவரில் முட்டிய பிறகு இடது பக்க டேப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வலது பக்க டேப் அசையாமல் நிற்கிறது. இடது பக்கம் வழுக்கல், வலது பக்கம் திணறல், ஒரே ரோபோவில் ஒரே நேரத்தில்! வழுக்கும் பக்கம் குறைவாகத் தள்ளும், அதனால்தான் ரோபோ இடது பக்கம் திரும்புகிறது.

இழுத்துப் பார்த்ததில் தராசு 5.8-இலிருந்து 6.1 கிலோவுக்குள் காட்டியதாம். ஆகவே குணகம் 1 என்றே வைக்கலாம். ஓம்னியை எல்லாரும் குறைத்து எடைபோடுகிறார்கள். நேராகப் போகும்போது அதன் சிறு உருளைகள் சுற்றுவதில்லை, அவற்றின் ரப்பர் தரையைப் பிடித்துக்கொள்கிறது. பக்கவாட்டில் தள்ளினால்தான் ஓம்னி ஒன்றும் செய்யமுடியாமல் நகரும்.

சக்கரம், டைல், மோட்டார் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் வழுக்கினால் எனக்கு முதலில் தோன்றுவது எடை. ஒவ்வொரு சக்கரத்தின்மேலும் எவ்வளவு எடை இறங்குகிறது என்று பாருங்கள். சமையலறைத் தராசு ஒன்று போதும். ஒரு சக்கரத்தைத் தராசின்மேல் வைத்து, மற்ற மூன்றின் கீழும் தராசின் உயரத்துக்குச் சரியாகப் புத்தகங்களை அடுக்குங்கள். உயரம் ஒரு மி.மீ. மாறினாலும் எண் தவறாகிவிடும், அதில் மட்டும் கவனம் வேண்டும். இப்படி நாலு சக்கரத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். நாலையும் கூட்டினால் மொத்த எடை வரவேண்டும், வராவிட்டால் புத்தகங்களைச் சரிபாருங்கள்.

மார்ச் 8, ஞாயிறு

எண்கள் வந்துவிட்டன. இடது முன் 1.2, இடது பின் 1.3. வலது முன் 1.5, வலது பின் 2.0. கூட்டினால் 6.

இடது பக்கம் மொத்தம் 2.5 கிலோ, அங்கே தரை தாங்குவது சுமார் 24.5 நியூட்டன். மோட்டார் கொடுப்பதோ 28. அதனால் வழுக்கியது. வலது பக்கம் 3.5 கிலோ, தரை தாங்குவது 34. அந்த 28 போதாது, மோட்டார் நின்றுவிட்டது. புதன்கிழமை போட்ட கணக்கில் மொத்த ரோபோவையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன், இந்த ரோபோவை இரண்டு பக்கமாகப் பிரித்துத்தான் பார்க்கவேண்டும் என்று எடையைப் பார்த்த பிறகு தெரிகிறது.

பேட்டரி, பிரெயின் (ரோபோவின் கட்டுப்பாட்டுக் கணினி) இரண்டும் வலது பின் மூலையில் இருக்கின்றன என்றார் தம்பி. பேட்டரி சுமார் 350 கிராம். அதை இடது பக்கம் கொண்டுபோய், பிரெயினை நடுக்கோட்டுக்கு நகர்த்திப் பாருங்கள். காசு செலவில்லை, புதுச் சக்கரம் வேண்டாம்.

மார்ச் 8, இரவு

அகலமான சக்கரம் போட்டால் பிடிப்பு இரட்டிப்பாகும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஆகாது. உராய்வு எடையைப் பொறுத்தது, தொடும் பரப்பைப் பொறுத்தது அல்ல என்று 1699-இலேயே பிரெஞ்சு அறிஞர் அமொன்டொன் சொல்லிவிட்டார். ரப்பருக்கு மட்டும் அந்த விதி அப்படியே பொருந்தாது. அழுத்தம் குறையக் குறைய அதன் குணகம் கொஞ்சம் ஏறும், அதனால் அகலச் சக்கரத்தால் சிறிது பலன் உண்டு. இரட்டிப்பு எல்லாம் இல்லை. சந்தேகமென்றால் அதே தராசால் இழுத்துப் பாருங்கள்.

மார்ச் 10, செவ்வாய்

பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் ஒருவர் மெக்கானம் சக்கரத்தைப் பற்றிக் கேட்டார். பேச்சு கொஞ்சம் திசைமாறுகிறது, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அளப்பதில் இதுவும் ஏமாற்றும்.

மெக்கானத்தில் உருளைகள் 45 பாகை சாய்ந்திருக்கும். 1970-களில் ஸ்வீடனின் பெங்ட் இலோன் உருவாக்கியது. உருளை சுற்றும் திசையில் தரையைப் பிடிக்கவே முடியாது, அதன் அச்சின் திசையில் மட்டும்தான் விசை. அந்த விசையில் முன்னோக்கி வருவது 0.707 பங்கு. ஆகவே அதே ரப்பர், அதே எடை என்றால் தள்ளும் வரம்பு ஏறக்குறைய முப்பது விழுக்காடு குறைவு. சக்கரத்தைப் பூட்டிக்கொண்டு இழுத்தாலும் உருளைகள் சுதந்திரமாக இருக்கும், எனவே தராசும் அந்தக் குறைந்த எண்ணையே காட்டும். நல்ல ரப்பராக இருந்தும் எண் ஏன் குறைகிறது என்று குழம்பவேண்டாம். பக்கவாட்டில் நகரும் வசதிக்குக் கொடுக்கும் விலை அது, விளையாட்டைப் பொறுத்து அந்த விலை தகும்.

பிடிப்புக்கு எடைதான் வழி என்பதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு. ஜப்பானிய 3 கிலோ சுமோ ரோபோக்கள் எஃகு மேடையில் காந்தத்தை வைத்துத் தங்களைக் கீழே இழுத்துக்கொள்கின்றன. எடை ஏறவில்லை, தரையை அழுத்தும் விசை மட்டும் பல மடங்கு ஏறுகிறது. எதிர்த்திசையிலும் ஒரு போட்டி நடந்தது. 2009-இல் அமெரிக்க ஃபர்ஸ்ட் மாணவர் ரோபோ போட்டியின் 'லூனசி' ஆட்டத்தில் வழுவழுப்பான தரையையும் வழுக்கும் சக்கரத்தையும் எல்லா அணிக்கும் கட்டாயமாக்கினார்கள். அங்கே சக்திவாய்ந்த மோட்டாரால் ஒரு பயனும் இல்லை. வழுக்கலை உணர்ந்து விசையைக் குறைக்கும் நிரல்தான் அணிகளுக்குத் தேவைப்பட்டது.

மார்ச் 14, சனி

தம்பி திரும்ப எழுதியிருக்கிறார். இப்போது இடது 2.9, வலது 3.1. சுவரில் முட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்கிறது, திரும்புவதில்லை. மகிழ்ச்சி. ஆனால் திறந்த களத்தில் முழு வேகத்தில் ஓட்டினால் இன்னும் இடது பக்கம் சாய்கிறதாம், "எடை சரியாக்கியும் பழைய நோய் போகலையே அண்ணே" என்கிறார்.

இது பழைய நோய் இல்லை தம்பி. திறந்த களத்தில் சீராக ஓடும்போது சக்கரம் பிடிப்பின் எல்லைக்கு அருகில்கூட வருவதில்லை, எனவே இங்கே எடையைக் குற்றம் சொல்ல முடியாது. இடது பக்கத்தில் ஏதோ உரசுகிறது என்றுதான் நினைக்கிறேன். மெதுவாக ஓடும்போது மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுத்து அதை ஈடுகட்டிவிடும், முழு வேகத்தில் ஈடுகட்ட மிச்சம் இல்லாததால் அந்தப் பக்கம் பின்தங்குகிறது.

ரோபோவை ஒரு பெட்டியின்மேல் ஏற்றி, சக்கரங்கள் அந்தரத்தில் இருக்க, இரண்டு பக்கமும் ஒரே வேகத்தில் ஓடவிட்டு மோட்டார் மின்னோட்டத்தைத் திரையில் பாருங்கள். வி5 மோட்டார் தன் வேகம், மின்னோட்டம், வெப்பம் எல்லாவற்றையும் தானே சொல்லும். இடது பக்கம் அதிகமாக இழுத்தால் மோட்டாரைக் கழற்றிவிட்டு சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். நன்றாக இருக்கும் பக்கம் தானாகச் சில சுற்று ஓடி மெல்ல நிற்கும். இறுக்கமான பக்கம் கையை எடுத்ததும் நின்றுவிடும்.

மார்ச் 15, ஞாயிறு

காலர்தான், ஷாஃப்ட் (சக்கரத்தின் அச்சுத்தண்டு) நகராமல் பிடிக்கும் வளையம். இடது பக்க ஷாஃப்டில் இரண்டு காலர்களைப் பேரிங்கோடு ஒட்டி நெருக்கி முடுக்கியிருக்கிறார்கள். ஷாஃப்ட் ஆடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்தது, எல்லாப் பள்ளியிலும் நடக்கும். முடுக்கும்போது காலருக்கும் பேரிங்குக்கும் இடையில் ஒரு தாளை வைத்து, முடுக்கியதும் தாளை உருவிவிடுங்கள். அந்த இடைவெளி போதும்.

சரி, இனி உண்மையான வழுக்கலை ஓடும்போதே அளப்பது. மோட்டாரோடு இணையாத ஒரு சின்ன ஓம்னி சக்கரத்தை ரோபோவின் நடுவில் கீல் வைத்துத் தொங்கவிட்டு, ரப்பர் பேண்டால் தரையோடு அழுத்தி, சுழற்சி உணரியோடு இணையுங்கள். அதை யாரும் தள்ளுவதில்லை, எனவே அது வழுக்காது. ரோபோ உண்மையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அது சொல்லும். மோட்டார் சக்கரத்தின் விளிம்பு வேகத்திலிருந்து இந்த வேகத்தைக் கழித்து, வந்ததை விளிம்பு வேகத்தாலேயே வகுத்தால் வழுக்கல் விகிதம் கிடைக்கும். சக்கரம் சுத்தமாகப் பிடித்தால் 0, நின்ற இடத்திலேயே சுற்றினால் 1. இடையில் கொஞ்சம் வழுக்கல் கெட்டதில்லை, கார் டயரின் பிடிப்பு பத்திலிருந்து இருபது விழுக்காடு வழுக்கலில்தான் உச்சத்துக்கு வருகிறது.

சக்கரத்தின் விட்டத்தைப் பெட்டியில் போட்டிருப்பதிலிருந்து எடுக்காதீர்கள். ஃபோமில் சக்கரம் கொஞ்சம் புதையும். ரோபோவைக் கையால் 3 மீட்டர் தள்ளி, எத்தனை சுற்று வந்தது என்று பார்த்து விட்டத்தைக் கணக்கிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் இல்லாத வழுக்கல் இருப்பதாக எண் காட்டும்.

மார்ச் 18, புதன்

கடைசிக் கேள்வி, ரப்பர் சக்கரம் போடலாமா என்ற முதல் கேள்வியேதான், இப்போது எண்களோடு.

எடையைச் சரிசெய்த பிறகு பக்கத்துக்கு 28 நியூட்டன் மோட்டார், 28.4-உம் 30.4-உம் தரை. இழப்பையும் கழித்தால் இரண்டு பக்கமும் மோட்டார்தான் முதலில் திணறும். இதற்குமேல் பிடிப்பை ஏற்றினால் தள்ளும் விசை ஒரு நியூட்டன்கூட ஏறாது. நாலு மூலையிலும் ரப்பர் சக்கரம் என்றால் திரும்பும்போது அவை பக்கவாட்டில் தேய்ந்து இழுபடவேண்டும், மோட்டார் ஒவ்வொரு திருப்பத்திலும் சூடாகும். வி5 மோட்டார் 55 பாகை செல்சியஸைத் தொட்டதும் தன் மின்னோட்டத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும், அதற்குமேல் ஏற ஏற இன்னும் குறைக்கும். குளிர்சாதனம் இல்லாத நம் பள்ளிக் கூடங்களில் மோட்டார் 30 பாகையிலிருந்தே கிளம்புகிறது. பயிற்சியின் கடைசி நேரத்தில் ரோபோ சோர்ந்துபோவதற்கு இதுதான் காரணம், பலர் பேட்டரியைத் திட்டுகிறார்கள்.

எனவே என் யோசனை கியர். 36-க்கு 72 ஆக்கினால் 300 ஆர்பிஎம், தள்ளும் விசை மொத்தம் 68, இழப்பு பத்து விழுக்காடு என்றாலும் 61. அப்போது தரைதான் முதலில் விட்டுக்கொடுக்கும். மோட்டார் திணறி நிற்பதற்குப் பதிலாகச் சக்கரம் வழுக்கும், மோட்டார் பிழைக்கும். வேகம் வினாடிக்கு 1.55 மீட்டரிலிருந்து 1.3-க்கு இறங்கும். உங்கள் ஆட்டத்தில் களத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு ஓடுவதுதான் முக்கியம் என்றால் இறக்காதீர்கள், இரண்டு மோட்டார் சேர்த்து ஆறாக்குங்கள், கை வேலைக்கு மோட்டார் மிச்சமிருந்தால். பக்கவாட்டில் தள்ளப்படுவதுதான் தொல்லை என்றால் நடுவில் ஒரு ஜோடி ரப்பர் சக்கரம், மூலைகளில் ஓம்னி. அது நல்ல அமைப்பு, நானே மாணவர்களுக்குப் பலமுறை பரிந்துரைத்திருக்கிறேன்.

மார்ச் 18, பின்னிரவு

பதிவுக் கோப்பில் என்னென்ன எழுதவேண்டும் என்று தம்பி கேட்டார். நேரம், இடது வேகம், வலது வேகம், தொங்கும் சக்கரத்தின் வேகம், இரண்டு பக்க மின்னோட்டம், வெப்பம். 20 மில்லிவினாடிக்கு ஒரு வரி போதும். பிரெயினில் எஸ்டி அட்டை செருகும் இடம் இருக்கிறது, அதிலேயே எழுதிக்கொள்ளும். கியர் மாற்றுவதற்கு முன்னால் ஒரு ஓட்டத்தையும் பதிவுசெய்துவிடுங்கள், ஒப்பிட அது வேண்டும்.